கடையிசை யாருக்காக?

நீர்கொழும்பு வீதியில் வத்தளையைக் கடந்து ஹெந்தளைப் பக்கமாகத் திரும்பும் எவரும் சந்தியைக் கண்ணாற் காணுமுன் காதாற் கண்டுகொள்வர். புடைவைக் கடையின் வாசலில் மார்பளவு உயரமான கரும்பெட்டிகள் இரண்டு வீதியை நோக்கி நிற்கும். அயலிலே கைத்தொலைபேசி விற்கும் கடை; அதன் வாசலிலும் ஒரு பெட்டி. எதிர்ப்புறத்தில் லொத்தர்ச் சீட்டு விற்பவரின் வண்டியிலிருந்து பதிவுசெய்யப்பட்ட குரலொன்று ஓயாது கூவிக்கொண்டிருக்கும். தனித்தனியே கேட்டால் மூன்றும் பாட்டாகவோ பேச்சாகவோ இருக்கக்கூடும். ஒருங்கே கேட்டால் இரைச்சல் என்பதன்றி வேறு பெயர் அவற்றுக்கு இல்லை. கடையினுள்ளே ஒரு சேலையின் விலையைக் கேட்கும் பெண் இரு தடவை கேட்கிறாள். மூன்றாம் தடவை விரலாற் சுட்டுகிறாள். விற்பனைப் பெண் கல்குலேட்டரில் எண்ணை அழுத்தித் திருப்பிக் காட்டுகிறாள். இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருந்தும் இருவரும் ஊமையர்போற் சைகையாலே பேரம் பேசுகின்றனர்.

இந்நிலை ஹெந்தளைக்கு மட்டும் உரியதன்று. வெள்ளவத்தையின் காலி வீதியிலும், கொட்டாஞ்சேனையிலும், புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களிலும் இதனைக் காணலாம். எனினும், கடைக்கு இசை வேண்டுமா, வேண்டுமாயின் எத்தகைய ஒலியமைப்பு வேண்டும் என்னும் வினா வணிகருக்கும் மின்பொருள் விற்போருக்கும் மட்டுமே உரிய சில்லறை விடயமெனக் கற்றோர் கருதிவந்துள்ளனர். பண்டைத் தமிழரின் யாழுக்கு நரம்பு எத்தனை என்று கருத்தரங்கில் வாதிடுவோர், கருத்தரங்கு முடிந்து வீடு திரும்பும் வழியில் தம் செவியைப் பொத்திக்கொண்டு சந்தியைக் கடக்கின்றனர். பொத்திய செவிக்குப் பின்னால் ஒரு சமூக வினா உண்டென்பதை அவர்கள் எண்ணுவதில்லை. கடையின் ஒலி எவர் தீர்மானத்தால் எழுகிறது, எவர் காதில் விழுகிறது, எவர் குரலை விழுங்குகிறது என்பனவே அவ்வினாவின் கூறுகள்.

அங்காடி என்பது தமிழர் வரலாற்றில் என்றும் அமைதியான இடமாக இருந்ததில்லை என்று கூறுவோர் உளர். உண்மையே. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் அவற்றின் ஆரவாரத்தோடு வருணிக்கின்றது. ஆனால் அவ்வாரவாரம் கொள்வோரும் கொடுப்போரும் எழுப்பிய மனிதக் குரல்களின் ஆரவாரம். இன்றைய சந்தியின் ஆரவாரமோ அக்குரல்களை அடக்கி எழுவது. முன்னையதைச் சான்றாகக் காட்டிப் பின்னையதை நியாயப்படுத்துதல் பொருந்தாது.

வாற்று மயக்கம்

ஒலியமைப்பு வாங்கச் செல்லும் கடைக்காரர் முதலிற் கேட்கும் கேள்வி "எத்தனை வாற்று?" என்பதே. விற்பவரும் அதற்கேற்ப 500 என்றும் 1000 என்றும் எண்களை அடுக்குவார். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட எண்ணும் பெட்டி தொடர்ந்து தாங்கக்கூடிய மின்வலுவும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பது ஒருபுறமிருக்க, அக்கேள்வியே தவறான கேள்வி என்பதை எளிய கணக்கொன்று காட்டும்.

கூரையிற் பதிக்கும் சாதாரண ஸ்பீக்கர் ஒன்று ஒரு வாற்று மின்வலுவைப் பெறும்போது ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 90 டெசிபெல் அளவான ஒலியைத் தரும். இருவர் அருகருகே நின்று இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல். கூரை மூன்று மீற்றர் உயரமாயின் நிற்பவர் காது அதற்கு ஒன்றரை மீற்றர் கீழே இருக்கும். அக்காதில் 60 டெசிபெல் இசை விழுவதற்கு ஸ்பீக்கருக்கு வேண்டுவது ஒரு வாற்றின் நானூறில் ஒரு பங்கு மின்வலுவே. பாட்டின் உச்சங்கள் சராசரியினும் பதினைந்து டெசிபெல் உயர்ந்தாலும் ஒரு வாற்றின் பத்திலொரு பங்கைத் தாண்டா. இந்நிலையில், சிறிய புடைவைக் கடையொன்றுக்கு ஆயிரம் வாற்றுப் பெட்டி வாங்குதல் முற்றத்துத் துளசிக்கு நீர் வார்க்கத் தீயணைப்பு வண்டியை அழைத்ததற்கு ஒப்பாகும்.

அப்படியானால் கடைகள் ஏன் உரத்து முழங்குகின்றன? ஒலி ஓரிடத்திலிருந்து மட்டும் எழுவதே முதற் காரணம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி ஆறு டெசிபெல் குறையும். பதினாறு மீற்றருக்கு அப்பால் நிற்பவருக்கு 65 டெசிபெல் கேட்கவேண்டுமாயின், பெட்டிக்கு இரண்டு மீற்றர் தூரத்தில் நிற்பவர் 83 டெசிபெல்லைத் தாங்கவேண்டும். கடையினுள்ளே சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இவ்வேறுபாடு ஓரளவு குறையுமாயினும் விதி மாறாது. வாசலில் ஒரு பெரும் பெட்டி வைப்பவர், தொலைவில் உள்ளவருக்கு ஊட்டுவதற்காக அருகில் உள்ளவரை அடிக்கிறார். இரண்டாம் காரணம் இன்னும் எளியது. அப்பெட்டி கடைக்குள் இருப்பவருக்காக வைக்கப்பட்டதன்று. வீதியிற் செல்பவரை இழுப்பதற்காக வைக்கப்பட்டது. அதற்குப் பின்னணி இசை என்று பெயர் சூட்டுதல் பொருந்தாது. அது பாட்டுடை அணிந்த விளம்பரம்.

விற்பனை பெருகும் என்னும் வாதம்

இசை விற்பனையைப் பெருக்கும் என்பது அறிவியல் நிறுவிய உண்மை என வணிக ஆலோசகர் கூறுவர். அவர்கள் சான்றாகக் காட்டும் ஆய்வுகளை நேரே நோக்குதல் தகும். 1982இல் றொனால்ட் மில்லிமன் என்பார் அமெரிக்கப் பல்பொருள் அங்காடியொன்றில் நடத்திய ஆய்வே இவற்றுட் பெரிதும் எடுத்தாளப்படுவது. மெதுவான நடையுடைய இசை ஒலித்த நாள்களில், விரைந்த நடையுடைய இசை ஒலித்த நாள்களைக் காட்டிலும் விற்பனை 38.2 சதவீதம் மிகுந்திருந்தது என அவர் கண்டார். விரைந்து ஒலிக்கும் இசையில் மக்கள் விரைந்து நடந்து வெளியேறினர்; மெல்ல ஒலித்தபோது மெல்ல நடந்தனர். ஆய்வின் முடிவு இதுவாயின், ஹெந்தளைச் சந்தியிற் குத்துப்பாட்டை முழக்கும் கடைக்காரர் தம் வாடிக்கையாளரைத் தாமே துரத்துகிறார் என்பதே அதன் பொருள்.

அதற்கும் முன்னர், 1966இல், சிமித், கேர்னோ என்னும் இருவர் உரத்த இசையையும் தணிந்த இசையையும் ஒப்பிட்டனர். உரத்த இசையின்போது மக்கள் கடையிற் கழித்த நேரம் குறைந்தது. விற்பனையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1997இல் பிரித்தானிய ஆய்வாளர் சிலர் வைன் விற்கும் தட்டின் அருகே ஒருநாள் பிரெஞ்சு இசையையும் மறுநாள் ஜெர்மன் இசையையும் ஒலிக்கச் செய்தபோது, அந்தந்த நாட்டு வைன் மிகுதியாக விற்றது. வாங்கியோரிற் பெரும்பாலோர் தம் தேர்வில் இசைக்குப் பங்குண்டு என்பதை உணர்ந்திருக்கவில்லை. இவ்வாய்வுகள் அனைத்தும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. இசை விற்பனையைத் தொடுமாயின் அதன் தன்மையாலேயே தொடுகின்றது; உரப்பினால் அன்று. உரப்புக்கு ஆதரவாக இவற்றைச் சான்று காட்டுவோர் இவற்றைப் படித்திலர் என்றே கொள்ளவேண்டியுள்ளது.

மூன்றாவது ஆய்வு வேறொரு கவலையையும் எழுப்புகின்றது. வாங்குபவர் அறியாமலே அவர் கையை ஒரு பக்கம் திருப்பக்கூடிய கருவியைக் கடைக்காரர் கையாளுகிறார். விலைப்பட்டியலைப் படித்து மறுக்கலாம். விளம்பரத்தைக் கண்டு முகத்தைத் திருப்பலாம். காதுக்கு இமை இல்லை.

கேளாதிருக்கும் உரிமை

பின்னணி இசை தானாக முளைத்த வழக்கமன்று. அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவுத் தலைவராயிருந்த ஜோர்ஜ் ஸ்குவையர், கம்பி வழியே இசையை அனுப்பும் முறையை வணிகமாக்கினார். 1934இல் அதற்கு மியூசாக் எனப் பெயரிடப்பட்டது. இசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் கொடாக் என்னும் ஒளிப்படக் கருவியின் பெயரையும் ஒட்டி ஆக்கிய பெயர் அது. தொழிற்சாலைகளிலே தொழிலாளர் சோர்வடையாதிருக்கப் பதினைந்து நிமிடக் கூறுகளாக இசையின் விறுவிறுப்பைப் படிப்படியாக ஏற்றி, இடையே மௌனம் விட்டு ஊட்டும் முறையை அந்நிறுவனம் வகுத்தது. கடையிசையின் பிறப்பிடம் கலைக்கூடமன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. உழைப்பவரிடமிருந்து மேலும் உழைப்பையும், வாங்குபவரிடமிருந்து மேலும் பணத்தையும் பெறுதற்கென வகுக்கப்பட்ட முறை அது.

இதற்கான எதிர்ப்பும் பழையதே. வாஷிங்டன் நகரின் பயணிகள் வண்டிகளில் வானொலி ஒலிபரப்பப்பட்டதை எதிர்த்த வழக்கு 1952இல் அமெரிக்க உயர்நீதிமன்றத்தை அடைந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் ஒலிபரப்பை அனுமதித்தனர். நீதிபதி டக்ளஸ் மட்டும், வண்டியை விட்டு இறங்க இயலாதவனைக் கேட்கும்படி வற்புறுத்துதல் அவன் தனிமையைப் பறிப்பதாகும் என மாறுபட்டுத் தீர்ப்புரைத்தார். நீதிபதி பிராங்ஃபேட்டரோ அவ்வண்டிகளின் ஒலியாற் பாதிக்கப்பட்டவருள் தாமும் ஒருவராதலின் நடுநிலையாகத் தீர்ப்பளிக்க இயலாதெனக் கூறி விலகினார். 1969இல் யுனெஸ்கோவைச் சார்ந்த சர்வதேச இசைப் பேரவை, பதிவிசையும் வானொலியிசையும் பொது இடங்களில் அளவிறந்து பயன்படுத்தப்படுவதைத் தனிமனித சுதந்திரத்தின் மீதான அத்துமீறலெனக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானித்தவர்கள் இசையை வெறுத்தோர் அல்லர்; இசையையே வாழ்வாகக் கொண்டோர். 2016இல் பிரித்தானியாவின் மாக்ஸ் அன்ட் ஸ்பென்சர் நிறுவனம் வாடிக்கையாளரின் வேண்டுகோளுக்கிணங்கித் தன் கடைகளிற் பின்னணி இசையை நிறுத்தியது. அதனால் அந்நிறுவனம் மூடப்பட்டுவிடவில்லை.

இலங்கையிலும் சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், பிரதேச சபைப் பகுதிகளிற் பகலில் 55 டெசிபெல், நகரப் பகுதிகளில் 63 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. மருத்துவமனை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரையுள்ள பகுதி அமைதி வலயமெனக் கொள்ளப்படும். ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளருக்கென மருத்துவமனை அமைத்த ஊர் ஹெந்தளை. சமூகம் ஒதுக்கிவைத்த நோயாளருக்கும் ஓர் ஒதுக்கிடம் வேண்டுமென அயல்நாட்டு ஆட்சியாளர் கருதிய ஊரிலே, காய்ச்சலோடு மருந்துக்கடைக்கு வரும் ஒருவருக்கு ஐந்து நிமிட அமைதியேனும் கிடைப்பதில்லை.

2007 நவம்பரில், வழிபாட்டிடமொன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையே ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாதென வரையறுத்தது. எவரையும் விருப்பமின்றிக் கேட்போராக்கிக் கட்டிப்போடலாகாது என்னும் கொள்கையையும் ஏற்றது. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் விகாரையும் அத்தீர்ப்புக்கு உட்பட்டனவாயின், பணத்தின் பொருட்டு ஒலி எழுப்பும் கடைக்கு மட்டும் விலக்குக் கோருவது எந்த நியாயத்தின்பாற்படும்? கடவுளுக்கே இல்லாத சலுகையைக் கழிவு விற்பனைக்கு வழங்குதல் நகைப்புக்கிடமானது.

நின்று உழைப்போர்

வாடிக்கையாளர் பதினைந்து நிமிடத்தில் வெளியேறிவிடுவார். வீதியிற் செல்பவர் ஒரு நிமிடத்திற் கடந்துவிடுவார். எட்டு மணிநேரம் அப்பெட்டியின் முன் நிற்பவள் விற்பனைப் பெண். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணிநேரமும் கிழமைக்கு 45 மணிநேரமும் என அவள் வேலைநேரத்தை வரையறுத்தது. அந்நேரத்தில் அவள் காது என்னவாகும் என்பதை வரையறுப்பார் இலர்.

செவிப்புலனுக்குத் தீங்கின்றி எட்டு மணிநேரம் கேட்கக்கூடிய உச்ச அளவு 85 டெசிபெல் என அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவகம் பரிந்துரைத்துள்ளது. ஒவ்வொரு மூன்று டெசிபெல் உயர்வுக்கும் நேரம் பாதியாகும். 88 டெசிபெல்லாயின் நான்கு மணிநேரம். 91 ஆயின் இரண்டு மணிநேரம். வாசலில் நின்று "வாங்க, உள்ளே வாங்க" என அழைப்பதற்கென நிறுத்தப்பட்டுள்ள இளைஞனோ பெட்டிக்கு ஒரு மீற்றர் தூரத்தில் நிற்கிறான். அவன் செவி இழப்பது ஒருநாளில் நிகழ்வதன்று. ஆகவே எவர் கணக்கிலும் அது ஏறுவதில்லை. முதலில் அவன் இழப்பது மெல்லிய உயர்ந்த ஒலிகளை. பின்னர்ப் பேச்சின் மெய்யெழுத்துகள் மங்கும். நாற்பது வயதில் வீட்டார் பேசுவது விளங்காமல் அவன் சினக்கும்போது, அச்சினத்தின் வேர் இருபது வயதில் நின்ற கடைவாசலில் இருப்பதை எவர் அறிவார்?

செவிக்குத் தீங்கு செய்யாத தணிந்த இசையாயினும் ஒரே முப்பது பாடல்கள் நாள்தோறும் சுற்றிச்சுற்றி வருமாயின் அதுவும் ஒருவகைத் தண்டனையே. வாடிக்கையாளருக்கு அது பின்னணி. ஊழியருக்கு அதுவே முன்னணி. ஆயினும், ஒலியமைப்பை வாங்குமுன் ஊழியரை ஒரு வார்த்தை கேட்ட முதலாளி எத்தனை பேர்? ஒலியைக் கூட்டும் குமிழ் முதலாளியின் மேசையில் இருக்கிறது. அதனைத் திருப்ப அஞ்சாத ஊழியர் இல்லாத கடையில் இசையைப் பற்றிப் பேசுவதே வீண்.

மொழியும் ஒலியும்

இங்கு ஒரு மறுப்பு எழும்; அது மாணவரிடமிருந்தே எழும். கொழும்பிலும் அதன் அயலிலும் தமிழ்ப் பாட்டு உரத்து ஒலிப்பது தமிழர் இருப்பின் அறிகுறி. அதனைத் தணிக்கச் சொல்வது பணிந்து போகச் சொல்வதாகும் என்பர். இம்மறுப்பைப் புறந்தள்ளுதல் தகாது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழர் கடைகள் தெரிந்தெடுத்து எரிக்கப்பட்டன. அதன்பின் நெடுங்காலம் தமிழ் வணிகர் பலர் தம் வானொலியைத் தணித்தே வைத்தனர். சிலர் பெயர்ப்பலகையின் எழுத்தையும் சிறிதாக்கினர். அச்சத்தினால் தணிந்த குரல் இன்று உயர்வதைக் கண்டு மகிழாத தமிழர் இலர்.

எனினும் மொழியுரிமை டெசிபெல்லால் அளக்கப்படுவதன்று. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அவ்வுரிமை சந்தியில் எவ்வாறு வாழ்கிறது என்பதை அறிய விரும்புவோர் பெட்டியைக் கேட்கவேண்டியதில்லை, பற்றுச்சீட்டைப் பார்க்கட்டும். தமிழ்ப் பாட்டை முழக்கும் கடையின் பற்றுச்சீட்டில் ஒரு தமிழ் எழுத்து உண்டா? விலைச்சீட்டில் உண்டா? மாற்றிக் கொடுக்கப்படமாட்டாது என்னும் எச்சரிக்கை எம்மொழியில் எழுதப்பட்டுள்ளது? மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த பெண் தன் சம்பளக் கணக்கைத் தன் மொழியிற் பெறுகிறாளா? இவை எவற்றுக்கும் விடையின்றிப் பாட்டை மட்டும் உயர்த்துவோர் மொழிக்குச் செய்வது தொண்டன்று. மொழியை வணிகத்தின் கூவலாக்குதல். அன்றியும் அக்கூவல் முதலில் விழுங்குவது எதனை? கடைக்குள் இருவர் பேசும் தமிழை.

இதற்கு நேர்மாறான நிலைப்பாடும் ஏற்கத்தக்கதன்று. பூசல் வேண்டாமென எண்ணும் சிலர், சொல்லில்லாத வாத்திய இசையே எவரையும் புண்படுத்தாதது எனக் கருதி அதனை ஒலிக்கவிடுகின்றனர். ஹெந்தளையிற் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும், கத்தோலிக்கரும் சைவரும் பௌத்தரும் ஒரே கடையில் அரிசி வாங்குகின்றனர். அவர்களுக்குப் பொதுவானது மொழியின்மை என்று எண்ணுதல் அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்துவைப்பதாகும். தமிழ்ப் பாடலொன்றும் சிங்களப் பாடலொன்றும் தணிந்த குரலில் மாறிமாறி ஒலிக்கும் கடையில், இருவரும் மற்றவர் பாட்டைச் சண்டையின்றிக் கேட்கப் பழகுவர். உரத்து ஒலிக்கும்போது அயலான் மொழி படையெடுப்பாகத் தோன்றும். தணிந்து ஒலிக்கும்போது அதுவே அயலாக இருக்கும்.

பாடலுக்கு உரியோர்

எப்பாடல் என்னும் வினாவும் பெட்டியோடு சேர்த்தே தேரவேண்டியது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கியபோது தென்னிந்தியக் கேட்போர் கொழும்பை நாடினர். எஸ்.பி.மயில்வாகனன் போன்றோரின் குரலோடு அவ்வொலிபரப்புக் கடல் கடந்து ஒலித்தது. தேநீர்க்கடையிலும் சலூனிலும் தட்டின்மேல் இருந்த ஒரு வானொலிப் பெட்டியே அன்றைய கடையிசை. செய்தி வரும்போது பேச்சு நிற்கும். பாட்டு வரும்போது பேச்சுத் தொடரும். அப்பெட்டி கூட்டத்துள் ஒருவராக இருந்தது. கூட்டத்தின் மேல் ஏறி நிற்கவில்லை.

அந்த இலங்கையிலேயே எழுபதுகளில் மெல்லிசைப் பாடல்கள் மலர்ந்தன. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றோரின் பொப்பிசை தமிழகத்தையும் எட்டியது. இன்று ஹெந்தளையின் எத்தனை கடைகள் ஈழத்துப் பாடலொன்றை ஒலிக்கின்றன? சென்ற கிழமை சென்னையில் வெளியான படப்பாடலன்றி வேறு அறியாத கடை, தான் தமிழை வளர்ப்பதாகக் கூறிக்கொள்வது வியப்புக்குரியது.

கடையில் ஒலிக்கும் பாடலுக்கு உரிமையாளர் உளர் என்பதையும் வணிகர் மறக்கின்றனர். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பைப் பொதுமக்கள் முன் நிகழ்த்தும் உரிமையை ஆக்கியவருக்கே வழங்குகின்றது. அவர் வாழ்நாளும் அதன்பின் எழுபது ஆண்டும் அவ்வுரிமை நிலைக்கும். ஸ்பொட்டிஃபை போன்ற சேவைகள் வழங்கும் கணக்குத் தனியொருவரின் சொந்தப் பயனுக்கு மட்டுமே உரியது, கடைக்கு உரியதன்று. புடைவைக்கும் மின்சாரத்துக்கும் விலை கொடுக்கும் கடைக்காரர், கவிஞருக்கும் பாடகருக்கும் மட்டும் ஒன்றும் கொடுக்காமற் பெறலாமென எண்ணுவது எந்த வணிக அறம்? பண்பலை வானொலியைத் திறந்துவைத்தாற் போதுமென்பார்க்கோ வேறொரு நட்டம் காத்திருக்கிறது. எதிர்க்கடையின் விளம்பரத்தைத் தம் கடைக்குள்ளேயே தம் மின்சாரத்தில் ஒலிபரப்புவர்.

எதனைத் தேர்தல் வேண்டும்?

மறுப்போடு நின்றுவிடுதல் எளிது. வழி கூறுதலே கடன். கடைக்காரர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி "எத்தனை வாற்று?" என்பதன்று, "இசை வேண்டுமா?" என்பதே. மருந்துக்கடைக்கும் புத்தகக் கடைக்கும் வேண்டாம் என்பதே தக்க விடையாகலாம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாள்களில் எத்தனையோ பெட்டிகள் வாயடைத்துக் கிடந்தன. அந்நாள்களில் மக்கள் தேடி அலைந்தது பாலும் எரிவாயுவுமேயன்றிப் பாட்டன்று.

வேண்டுமெனின், பன்னிரண்டு மீற்றர் நீளமும் எட்டு மீற்றர் அகலமும் உள்ள கடையை எடுத்துக்கொள்ளலாம். ஒலியை அகல விரிக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் ஆறினை நான்கு மீற்றர் இடைவெளியிற் கூரையிற் பதித்தல் போதும். ஒவ்வொன்றும் மெல்லப் பேசும், எதுவும் கத்தவேண்டியதில்லை. அவற்றை நூறு வோல்ற்று முறையில் இணைத்தல் நலம். மின்சாரச் சபை தூர இடங்களுக்கு உயர் அழுத்தத்தில் மின் அனுப்பும் தத்துவமே இதற்கும் அடிப்படை. அம்பிளிஃபயரில் அழுத்தத்தை உயர்த்தி மெல்லிய கம்பியில் அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் உள்ள சிறு மின்மாற்றியாற் குறைத்துக்கொள்வர். மின்மாற்றியில் மூன்று வாற்று எனத் தேர்ந்தால் ஆறுக்கும் பதினெட்டு வாற்று. காற்பங்கு மிகுதி வைத்தாலும் முப்பது வாற்று அம்பிளிஃபயர் போதும். எட்டு ஓம் ஸ்பீக்கர்களைச் சாதாரண அம்பிளிஃபயரிற் பக்கந்தொடராக அடுக்குவோர், இரண்டை இணைத்தால் நான்கு ஓம், நான்கை இணைத்தால் இரண்டு ஓம் என மின்தடை குறைந்து கருவி எரிந்துபோவதைக் கண்டு பின்னர் வருந்துவர்.

காசாளர் மேசைக்கு மேலுள்ள ஸ்பீக்கருக்குத் தனியான குமிழ் வேண்டும். அக்குமிழ் காசாளரின் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். வாசலில் எப்பெட்டியும் கூடாது. கடையின் எல்லைக்கு வெளியே பாட்டு விளங்குமாயின் அமைப்புத் தவறு. பாடல்களின் பட்டியலை ஊழியரும் சேர்ந்து வகுத்து, இடையிடையே மௌனத்துக்கும் இடம் விடவேண்டும். அமைப்பு முடிந்ததும் அதனைப் பொருத்தியவரிடம் அளக்கும்படி கேட்பதைவிட எளிய சோதனை ஒன்றுண்டு. கடையின் நடுவில் நின்று, குரலை உயர்த்தாமல், ஒரு பொருளின் விலையை ஒரு தடவை கேட்கவேண்டும். அடுத்த முனையில் நிற்கும் ஊழியருக்கு அது விளங்குமாயின் ஒலியமைப்பு நல்லது. விளங்காவிடின், அதன் விலை எவ்வளவாயினும் அது பழுது.

இதனைச் செய்விக்கும் பொறுப்பு வணிகருக்கு மட்டும் உரியதன்று. பிரதேச சபைக்கும் பொலிசுக்கும் சட்டம் உண்டு. அதனைக் கேட்டுப் பெறக் குடிமக்கள் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு செவியையும் தம் கோரிக்கைகளிற் சேர்த்தல் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் தமிழ் ஒலிக்கவேண்டுமெனப் பாடுபடுகின்றன. தமிழ் பேசப்படுவதற்கு இடமிருக்க வேண்டுமென்பதையும் அவை எண்ணுதல் நன்று. புடைவைக் கடையில் ஒரு பெண் ஒரு தடவை விலை கேட்டு, ஒரு தடவையிலேயே விடை பெறுவாளாயின், அன்று அச்சந்தியிலே தமிழுக்கு ஓர் இடம் மீட்கப்பட்டதாகும்.